நாளும் இடமும் நூலும்: கார்த்தேசு நகர மறைசாட்சியர் வணக்கம் (கி.பி. 180 – 430)

முன்னுரை

கிரேக்க மொழியின் ‘மார்த்தூசு’ என்னும் சொல்லுக்குச் சாட்சி என்பதே பொருள். வழக்கு மன்றத்தில் தான் கண்டதை எடுத்துரைப்பவனைக் குறித்த இச்சொல், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிறித்தவரிடையே, தம் நம்பிக்கையை மறுக்க மனமின்றி உயிர்விட்டவரைக் குறிக்கும் சொல்லாயிற்று. இலத்தீன் இதனை மொழிபெயர்க்காமல் அப்படியே கடன் கொண்டது. ஐரோப்பிய மொழிகள் பலவும் இலத்தீனைப் பின்பற்றின. ஆகவே அம்மொழிகளில் சாட்சி என்னும் அடிப்பொருள் மங்கி, மாண்டவர் என்னும் வழிப்பொருளே எஞ்சியது. தமிழில் வழங்கும் வேதசாட்சி, மறைசாட்சி, இரத்தசாட்சி ஆகிய மூன்று சொற்களும் அடிப்பொருளைக் கைவிடவில்லை. முன்னிரண்டும் எதற்குச் சாட்சி என்பதையும், மூன்றாவது எதனாற் சாட்சி என்பதையும் முதன்மைப்படுத்துகின்றன. ஆயினும் மூன்றிலும் ‘சாட்சி’ நிலைத்து நிற்கிறது.

இவ்வடிப்பொருள் ஒரு வினாவுக்கு இடந்தருகிறது. சாட்சியம் என்பது சொல்லப்படுவது. கேட்பாரை வேண்டி நிற்பது. சாட்சி சொன்னவர் மாண்டபின் அவர் சொல்லை யார் காக்கின்றனர்? யார் எடுத்துரைக்கின்றனர்? எடுத்துரைக்கும்போது அச்சொல் என்னவாகிறது? இவ்வினாக்களை உரோமைப் பேரரசின் ஆப்பிரிக்க மாநிலத் தலைநகரான கார்த்தேசை நிலைக்களனாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இன்றைய தூனிசியா நாட்டின் கடற்கரையில் அமைந்திருந்த அந்நகரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தேதியிட்ட மிகப் பழைய இலத்தீன் கிறித்தவ ஆவணமும், கிறித்தவப் பெண் ஒருவரால் எழுதப்பட்டனவாகக் கொள்ளப்படும் எழுத்துகளுள் இன்று கிடைப்பவற்றில் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்றும் அங்கே தோன்றியவை. அவற்றை ஆண்டுதோறும் வாசித்துக்கேட்ட மக்களைப் பற்றிய செய்திகளும் ஏனைய நகரங்களைக் காட்டிலும் அங்கே மிகுதியாகக் கிடைக்கின்றன.

வணக்கத்தின் மூன்று கூறுகள்

மறைசாட்சியர் வணக்கம் எவ்வாறு தொடங்கிற்று என்பதற்குத் தெளிவான முதற்சான்று சின்ன ஆசியாவின் சிமிர்னா நகரிலிருந்து கிடைக்கிறது. அந்நகர ஆயர் பொலிக்கார்ப்பு எண்பத்தாறு ஆண்டுகள் கிறித்துவுக்குப் பணிபுரிந்தவராகத் தம்மைக் கூறிக்கொண்ட முதியவர். கி.பி. 155-ஐ ஒட்டி அவர் எரியூட்டிக் கொல்லப்பட்டார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்நிகழ்ச்சியைச் சிமிர்னாச் சபை பிலோமேலியம் சபைக்கு மடல்வழித் தெரிவித்தது. எஞ்சிய எலும்புகளைத் திரட்டித் தகுந்த இடத்தில் அடக்கம் செய்ததையும், அவர் உயிர்நீத்த நாளைப் ‘பிறந்தநாள்’ எனப் பெயரிட்டு அவ்விடத்தே கூடிக் கொண்டாட எண்ணியதையும் அம்மடல் குறிப்பிடுகிறது. இறந்த நாளைப் பிறந்த நாளாகக் கொள்ளும் வழக்கம் பின்னர்த் திருச்சபையெங்கும் பரவிற்று.

இம்மடலில் வணக்கத்தின் மூன்று கூறுகளையும் ஒருங்கே காணலாம். ஆண்டுக்கொருமுறை வரும் நாள் ஒன்று. எலும்பு அடங்கிய இடம் ஒன்று. நிகழ்ச்சியைச் சொல்லும் நூல் ஒன்று. கிறித்துவைத் தொழுவது வேறு, மறைசாட்சியரைக் கிறித்துவின் சீடராக எண்ணி அன்பு செலுத்துவது வேறு என்னும் வேறுபாட்டையும் அம்மடலே வரைந்து காட்டுகிறது. இவ்வேறுபாட்டை அத்துணைத் தொடக்கத்திலேயே விளக்க நேர்ந்தது என்பதே, வணக்கத்தின் எல்லை பற்றிய ஐயமும் வணக்கத்துடனேயே பிறந்தது என்பதைக் காட்டும்.

சில்லி ஊரினர்

ஆப்பிரிக்காவில் கிடைக்கும் முதற்சான்று கி.பி. 180 சூலை 17-ஆம் நாளுக்கு உரியது. சில்லி என்னும் ஊரைச் சேர்ந்த ஏழு ஆடவரும் ஐந்து மகளிருமாகப் பன்னிருவர் கார்த்தேசில் ஆளுநர் சாத்தூர்னினுசு முன் நிறுத்தப்பட்டனர். வழக்கு மன்றக் குறிப்பைப் போன்ற வினாவிடை வடிவில் அமைந்த அந்நூல் மிகச் சிறியது. குழுவின் சார்பில் ஸ்பெராத்துசு என்பவர் பேசுகிறார். எண்ணிப் பார்க்க முப்பது நாள் தவணை தருவதாக ஆளுநர் கூறுகிறார், அவர்கள் ஏற்கவில்லை. பேழையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என ஆளுநர் வினவ, நூல்களும் பவுலின் மடல்களும் என விடை வருகிறது. இலத்தீன் பேசும் எளிய ஊரினரிடம் கிறித்தவ நூல்கள் புழங்கியமைக்கு இஃது அரிய சான்றாகும்.

இந்நூலில் வியத்தகு நிகழ்ச்சி எதுவும் இல்லை, கனவில்லை, வேதனையின் விரிவுரை இல்லை. பெயர், வினா, விடை, தீர்ப்பு என்பனவே உள்ளன. பன்னிருவரின் பெயரும் நாளும் மறவாதிருத்தலே அதன் நோக்கம் எனலாம். சாட்சியம் இங்கே நீதிமன்றப் பொருளிலேயே நிற்கிறது.

சிறையில் எழுதப்பட்ட நூல்

இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 203 மார்ச்சு 7 அன்று நிகழ்ந்ததாகப் பெரும்பாலோர் கொள்ளும் பெர்பெத்துவா, பெலிசித்தா முதலியோரின் சாவைக் கூறும் நூல் இதனினும் முற்றிலும் வேறானது. விபியா பெர்பெத்துவா நற்குடியிற் பிறந்து கல்வி பயின்றவர், மணமானவர், ஏறத்தாழ இருபத்திரண்டு அகவையினர், பால்குடிக்கும் ஆண் குழந்தையின் தாய். பெலிசித்தா அடிமைப் பெண். எட்டுத் திங்கள் கருவுற்றிருந்தவர். ரெவொக்காத்துசு, சாத்தூர்னினுசு, செக்குந்துலுசு ஆகியோரும், தாமே முன்வந்து பிடிபட்ட ஆசிரியர் சாத்துருசும் உடனிருந்தனர். செக்குந்துலுசு சிறையிலேயே இறந்தார். எஞ்சியோர், பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டில் விலங்குகளுக்கு முன் விடப்பட்டனர்.

நூல் மூவர் குரலில் அமைந்தது. முகவுரையும் இறுதி நிகழ்ச்சியும் பெயர் அறியப்படாத தொகுப்பாசிரியருடையவை. நடுப்பகுதியில் பெர்பெத்துவா தம் கையால் எழுதியதாகக் கூறப்படும் சிறைக்குறிப்பும், சாத்துருசு கண்ட காட்சியும் உள்ளன. சிறைக்குறிப்பில் பேசுபவர் மகளும் தாயுமாகிய ஒரு பெண். சிறையின் இருட்டும் நெரிசலும் அவரை அச்சுறுத்துகின்றன. குழந்தை பசியால் வாடுவதே அவருக்கு எல்லாவற்றினும் பெரிய துன்பம். தெர்த்தியுசு, பொம்போனியுசு என்னும் திருத்தொண்டர் இருவர் காவலருக்குக் கையூட்டுத் தந்து, சிறிது நேரமேனும் சிறையின் நல்ல பகுதியில் அவர்களை இருக்கச் செய்கின்றனர். குழந்தை தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பின் சிறையே தமக்கு இனியதாயிற்று என்கிறார் பெர்பெத்துவா.

நூலில் மீண்டும் மீண்டும் வருபவர் தந்தை. கிறித்தவரல்லாத அவர், மகளை மீட்கச் சினந்தும் கெஞ்சியும் பார்க்கிறார். தம் நரையைக் காட்டுகிறார். பேரக் குழந்தையைக் கையிலேந்தி நிற்கிறார். விசாரணை மேடையில் ஆளுநர் பொறுப்பிலிருந்த இலாரியானுசின் ஆணையால் அம்முதியவர் கோலால் அடிக்கப்படுகிறார். அவ்வடி தம்மேல் விழுந்ததாகவே வருந்தும் மகள், தம் விடையை மட்டும் மாற்றவில்லை. தந்தையைப் பகைவராகக் காட்டாமல், அவர் துயரைத் தாம் அறிந்தே மறுத்ததாகக் கூறும் இப்பகுதியில்தான் அந்நூலின் உண்மை எடை உள்ளது. கணவரைப் பற்றிய செய்தி எதுவும் நூலில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பெர்பெத்துவா நான்கு காட்சிகள் கண்டதாக எழுதுகிறார். படைக்கருவிகள் பொருத்திய வெண்கல ஏணியும் அதன் அடியில் கிடக்கும் பாம்பும் முதற்காட்சி. ஏழு அகவையில் முகத்தில் தோன்றிய புற்றால் இறந்த தம்பி தினோக்கிராத்தெசு, எட்டாத நீர்த்தொட்டியருகே வேட்கையுடன் நிற்பது இரண்டாவது. தமக்கை நாள்தோறும் வேண்டியபின் அச்சிறுவன் நீர் அருந்தி விளையாடச் செல்வது மூன்றாவது. எகிப்தியன் ஒருவனுடன் மற்போர் புரிந்து வெல்வது நான்காவது. போருக்கு முந்திய நாளில் குறிப்பு முடிகிறது. போரில் நிகழ்வதை விரும்புவோர் எழுதிக்கொள்ளட்டும் எனப் பிறர் கையில் அப்பணியை ஒப்படைத்து அவர் நிறுத்துகிறார். தம் சாட்சியத்தின் எல்லையை அவரே வகுத்துக்கொள்வது கருதத்தக்கது.

பெலிசித்தாவின் குரலைத் தொகுப்பாசிரியர் வழியாகவே அறிய முடிகிறது. கருவுற்ற பெண்ணைக் கொல்லுதல் சட்டப்படி கூடாதாகலின், தோழரினின்று பிரிய நேரும் என அவர் அஞ்சினார். உடனிருந்தோர் வேண்ட, எட்டாம் திங்களிலேயே பெண் குழந்தை பிறந்தது. கிறித்தவச் சகோதரி ஒருவர் அதனைத் தம் மகளாக வளர்த்தார். செல்வக்குடிப் பெண்ணுக்குத் தன் கதையைத் தானே எழுத வாய்த்தது. அடிமைப் பெண்ணுக்கு அஃது வாய்க்கவில்லை. ஆயினும் வணக்கத்தில் இருவர் பெயரும் இணைந்தே நின்றன.

தொகுப்பாசிரியர் தம் முகவுரையில் ஒரு வாதத்தை முன்வைக்கிறார். பழைய எடுத்துக்காட்டுகள் எழுதப்பட்டுப் போற்றப்படுவதுபோலப் புதியனவும் எழுதப்படல் வேண்டும். இன்று புதியன நாளை பழையனவாகும் என்பது அவ்வாதத்தின் சாரம். சபையில் உரக்கப் படிப்பதற்கென்றே இந்நூல் தொகுக்கப்பட்டது என்பதனை இதனால் உணரலாம்.

நாளைக் குறித்தல்

இறந்தோரின் ஆண்டு நாளில் காணிக்கை செலுத்துவதைச் சபையின் வழக்கமாகக் கார்த்தேசு நகரத்துத் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார். பெர்பெத்துவாவின் பெயரும் அவர் நூலொன்றில் இடம்பெறுகிறது. ஆனால் நாட்களை முறையாகப் பதிந்துவைக்கும் பணியை ஆயர் சிப்ரியனின் மடல்களிலேயே தெளிவாகக் காண்கிறோம். கி.பி. 250-இல் தேசியுசு பேரரசர் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என ஆணையிட்டார். சிறைப்பட்டோரில் இறப்பவரின் நாளைக் குறித்து வைக்குமாறு, மறைவிடத்திலிருந்த சிப்ரியன் தம் மூப்பர்க்கும் திருத்தொண்டர்க்கும் எழுதினார். கொலைக்களத்தில் அன்றிச் சிறையில் மாண்டவர்க்கும் அச்சிறப்பு உரியது என்பது அவர் கருத்து.

இதே காலத்தில் வேறொரு சிக்கல் எழுந்தது. பலியிட்டும், பலியிட்டதாகச் சான்றிதழ் பெற்றும் தவறியவர் பலர் சபைக்குத் திரும்ப விழைந்தனர். அவர்கள் சிறையிலிருந்த அறிக்கையாளரை நாடி மன்னிப்பு மடல் பெற்றனர். இறந்துபோன பவுலுசு என்னும் மறைசாட்சியின் பெயராலேயே இலூசியானுசு என்பவர் அத்தகைய மடல்களை வழங்கினார். மாண்டவரின் பெயர் வாழ்வோருக்கிடையே அதிகாரமாக மாறும் நிலையை இங்குக் காண்கிறோம். மறைசாட்சியரைப் போற்றிய சிப்ரியன் இதனை ஏற்கவில்லை. மன்னிப்பு ஆயரின் ஆய்வுக்கு உட்பட்டே அமைய வேண்டும் என்றார். சாட்சியின் சொல்லுக்கும் ஆயரின் ஆட்சிக்கும் இடையிலான உரசல் இவ்வாறு தொடங்கியது.

கி.பி. 258 செப்தம்பர் 14 அன்று சிப்ரியனே வாளுக்கிரையானார். அவருக்கு முன்னே மக்கள் துணிகளை விரித்தனர். இரவில் தீவட்டிகளுடன் உடலை எடுத்துச் சென்று அடக்கம் செய்தனர். வெட்டுண்ட இடத்திலும் அடக்கம் செய்த இடத்திலும் பின்னர் இரு கோவில்கள் எழுந்தன. முன்னதற்குச் ‘சிப்ரியனின் மேசை’ என்பது பெயர். அவர் அங்கே உண்டதனால் அன்று, அங்கே தம்மைப் பலியாக்கினமையால் அப்பெயர் வந்தது எனப் பிற்காலத்தில் அகுஸ்தீன் விளக்க நேர்ந்தது. மேசை என்றதும் மக்கள் விருந்தையே நினைத்திருத்தல் கூடும் என்பதை இவ்விளக்கம் உணர்த்துகிறது.

எலும்பும் பிளவும்

கி.பி. 303-இல் தியோக்கிளேசியன் தொடங்கிய பெருந்துன்புறுத்தல் ஆப்பிரிக்கத் திருச்சபையை நிலையாகப் பிளந்தது. திருநூல்களை அரசிடம் ஒப்படைத்தவரை ஒருசாரார் துரோகிகள் என்றனர். பிளவின் தோற்றத்தை விளக்கும் மிலேவிசு நகர ஆயர் ஒப்தாத்துசு ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். இலூசில்லா என்னும் செல்வப் பெண்மணி, நற்கருணை பெறுவதற்கு முன் மறைசாட்சி ஒருவரின் எலும்பை முத்தமிடும் வழக்கமுடையவர். அவரை முதன்மைத் திருத்தொண்டர் செசிலியானுசு கண்டித்தார். அவ்வெலும்புக்குரியவர் மறைசாட்சியாகச் சபையால் ஏற்கப்படாதவர் என்பது கண்டனத்தின் காரணம். கி.பி. 311-ஐ ஒட்டிச் செசிலியானுசு ஆயராகத் தேர்வானபோது, மாற்றாரின் ஆயருக்கு இலூசில்லா துணைநின்றார். அப்பிளவு தொனாத்துசு என்பவரின் பெயரால் தொனாத்தியர் பிளவு என வழங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

ஒப்தாத்துசு தொனாத்தியரின் எதிரி. ஒரு பெண்ணின் சினத்தைப் பிளவுக்குக் காரணமாக்குவதில் அவருக்குப் பயன் உண்டு. இதனை விலக்கி நோக்கினும் ஓர் உண்மை எஞ்சுகிறது. எவர் மறைசாட்சி என்பதைத் தீர்மானிப்பது தனியொருவரின் பற்றா, சபையின் ஏற்பா என்னும் வினா நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கூர்மை பெற்றிருந்தது. தொனாத்தியரும் தமக்கென மறைசாட்சியரைக் கொண்டிருந்தனர். அவர்கள் கிறித்தவ அரசின் கையால் மாண்டவர்கள். கி.பி. 345-க்கும் 348-க்கும் இடையில் கூடிய கார்த்தேசுச் சங்கம், மலையுச்சியிலிருந்து குதித்து உயிர்விட்டோரை மறைசாட்சியராகப் போற்றுதல் கூடாது என விதித்தது.

கி.பி. 401-இல் கூடிய சங்கத்தின் விதி இன்னும் நுட்பமானது. வயல்களிலும் வழியோரங்களிலும் மறைசாட்சியர் நினைவாக எழுப்பிய பீடங்களில் உடலோ திருப்பண்டமோ இருப்பது உறுதிப்படாவிடில், அவற்றை ஆயர்கள் இடிக்க வேண்டும். மக்கள் கிளர்ச்சியால் அஃது இயலாதாயின், அவ்விடங்களுக்குச் செல்ல வேண்டா என அறிவுறுத்த வேண்டும். கனவுகளின் பெயரால் எழுந்த பீடங்கள் அறவே விலக்கத்தக்கன. கிளர்ச்சி எழக்கூடும் என்பதை விதியே ஒப்புக்கொள்வதால், மக்கள் இவ்விடங்களை எத்துணைப் பற்றுடன் காத்தனர் என்பது புலனாகும். இங்கு முரண் ஒன்றும் உண்டு. கனவின் பெயரால் எழுந்த பீடங்களை விலக்கிய அதே ஆப்பிரிக்கத் திருச்சபை, கனவுக் காட்சிகளை உயிராகக் கொண்ட பெர்பெத்துவாவின் நூலைக் கோவில்களில் வாசித்துவந்தது. எழுத்தில் நிலைபெற்று ஆயரின் மேற்பார்வையில் ஒலித்த கனவு ஏற்கப்பட்டது. வயலோரத்து உழவனின் கனவு ஏற்கப்படவில்லை.

விருந்தும் விளக்கமும்

கல்லறையருகே உண்டு குடித்து இறந்தோரை நினைவுகூர்தல் உரோமையரின் பழைய குடும்ப வழக்கம். ஆப்பிரிக்கக் கிறித்தவர் அதனை மறைசாட்சியர் கல்லறைக்கும் உரித்தாக்கினர். அகுஸ்தீனின் தாய் மோனிக்கா, மிலான் நகரிலும் அவ்வாறே கூழும் அப்பமும் திராட்சை மதுவும் கொண்டு சென்றார். ஆயர் அம்புரோசு தடைசெய்திருப்பதாகக் கூறி வாயிற்காவலர் அவரைத் தடுத்தார். அவர் முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டதாக மகன் எழுதுகிறார்.

கி.பி. 395-இல் இப்போ நகரில் மூப்பராக இருந்த அகுஸ்தீன் அவ்விருந்தை ஒழிக்க முயன்றார். துன்புறுத்தல் ஓய்ந்தபின் திரளாக வந்த புறச்சமயத்தார் தம் விழா விருந்துகளை விடமாட்டாமையால், மறைசாட்சியர் பெயரால் அவற்றை முன்னோர் சிலகாலம் பொறுத்துக்கொண்டனர் என்பது மக்களுக்கு அவர் தந்த விளக்கம். அன்று அவர் தரப்பினர் விருந்தைக் கைவிட்டுத் தொழுதுகொண்டிருக்க, தொனாத்தியர் கோவிலிலிருந்து விருந்தோசை கேட்டதாக அவரே மடலில் குறிப்பிடுகிறார்.

‘கடவுளின் நகரம்’ என்னும் பெருநூலில் அகுஸ்தீன் இதற்கு இறையியல் வடிவம் தந்தார். மறைசாட்சியர்க்குக் கோவிலும் பலியும் இல்லை. அவர் நினைவிடத்தில் கடவுளுக்கே பலி செலுத்தப்படுகிறது என்பது அவர் கோட்பாடு. கடவுளுக்கு மட்டுமே உரிய தொழுகையைச் சுட்ட இலத்தீனில் தனிச்சொல் இல்லாமையால் ‘லத்ரேயியா’ என்னும் கிரேக்கச் சொல்லை அவர் கையாண்டார். தமிழ்க் கத்தோலிக்க வழக்கு ஆராதனை, வணக்கம் என்னும் இரு சொற்களால் இவ்வேறுபாட்டைக் காக்கிறது.

முதுமையில் அவர் நோக்கு மேலும் மாறிற்று. புதுமைகள் திருத்தூதர் காலத்தோடு நின்றன என்னும் கருத்தை அவர் இளமையில் எழுதியிருந்தார். கி.பி. 415-இல் எருசலேம் அருகே கண்டெடுக்கப்பட்ட, முடியப்பர் எனத் தமிழர் வழங்கும் ஸ்தேவானின் திருப்பண்டங்கள் பின்னர் இப்போவுக்கும் வந்தன. நலம்பெற்றோரிடம் எழுத்துவழிச் சான்று பெற்று அவற்றை மக்கள் முன் வாசிக்கச் செய்தார் அகுஸ்தீன். இரண்டாண்டு நிறையுமுன் ஏறத்தாழ எழுபது சான்றுகள் சேர்ந்தன என்கிறார். கல்லறையின் ஆற்றலைப் புறக்கணிக்காமல், அதனையும் எழுத்துக்குள் கொணர்ந்து ஒழுங்குபடுத்தியதே அவர் செய்தது.

வாசிக்கப்பட்ட பெர்பெத்துவா

கி.பி. 397-இல் கார்த்தேசில் உறுதிசெய்யப்பட்ட விதித்தொகுப்பு, திருநூல்களைத் தவிர வேறெதையும் கோவிலில் வாசித்தல் ஆகாது என வரையறுத்தது. மறைசாட்சியரின் ஆண்டு நாளில் அவர்தம் வரலாற்றை வாசிக்க மட்டும் விலக்களித்தது. இவ்விலக்கு ஆப்பிரிக்க நூல்களைக் காத்த பெருங்காரணங்களுள் ஒன்று எனலாம்.

ஆனால் வாசிப்பைத் தொடர்ந்து மறையுரை வந்தது. மார்ச்சு 7 அன்று அகுஸ்தீன் ஆற்றிய மறையுரைகள் எஞ்சியுள்ளன. இருவர் பெயரையும் இணைத்தால் ‘நிலைத்த பேரின்பம்’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடர் அமைவதை அவர் விரும்பிச் சுட்டுகிறார். ஆடவரும் உடன்மாண்டிருக்க விழா மகளிர் பெயரால் வழங்குவது ஏன் என்பதற்கு விடையும் தருகிறார். மகளிர் ஆடவரினும் மேம்பட்டமையால் அன்று; வலுவற்ற பாலினர் பகைவனை வென்றமை பெருவியப்பாகலின் என்பது அவ்விடை. எகிப்தியனுடன் பொருதபோது தாம் ஆணாக மாறியதாகக் கண்ட பெண், இங்கே மீண்டும் பெண்மையின் வலுவின்மைக்கு எடுத்துக்காட்டாகிறார். போற்றுதலே அவர் சொல்லின் கூர்மையைக் குறைக்கும் விந்தையை இதில் காணலாம்.

தினோக்கிராத்தெசு பற்றிய வழக்கு இதனினும் வெளிப்படையானது. திருமுழுக்குப் பெறாது இறந்த குழந்தையும் பேரின்பம் எய்தக்கூடும் என்பதற்கு விஞ்சென்சியுசு விக்தோர் என்னும் இளைஞர் அச்சிறுவனைச் சான்று காட்டினார். கி.பி. 419-ஐ ஒட்டி எழுதிய மறுப்பில் அகுஸ்தீன், அந்நூல் திருமுறை நூலன்று என்றார். சிறுவன் திருமுழுக்குப் பெறாதவன் என்று நூல் கூறவில்லை என்றார். பெர்பெத்துவாவைக் குறிப்பிடுகையில், அதனை எழுதியவர் எவராயினும் என்னும் பொருள்பட ஒரு தொடரையும் சேர்த்தார். விழா மேடையில் புகழப்பட்ட ஆசிரியர், கோட்பாட்டு வாதத்தில் ஐயத்துக்குரியவராகிறார். தம்பியின் வேட்கைக்காக அழுது வேண்டிய தமக்கையின் சாட்சியம், வணக்கத்துக்கு உதவும் வரையிலேயே ஏற்கப்பட்டது.

பெருநூலைச் சுருக்கி எழுந்த ‘செயல்கள்’ எனப்படும் குறுநூல்கள் இம்மாற்றத்தை நிறைவு செய்தன. சிறைக்குறிப்பு அவற்றில் குறுகுகிறது. ஆளுநரின் விசாரணை விரிகிறது. முதல் நூலில் இல்லாத கணவர் தோன்றிக் கெஞ்சுகிறார். மனைவிக்குக் கணவர் இருந்தே ஆகவேண்டும் எனக் கேட்போர் எதிர்பார்த்தனர் போலும். இடைக்காலத்தில் பரவலாகப் படியெடுக்கப்பட்டவையும் இக்குறுநூல்களே.

கைப்படியும் கல்வெட்டும்

கி.பி. 430-இல், வாண்டல்கள் இப்போவை முற்றுகையிட்டிருந்த காலத்தில் அகுஸ்தீன் மறைந்தார். 439-இல் கார்த்தேசு அவர்கள் வயமாயிற்று. பெர்பெத்துவா, பெலிசித்தா ஆகியோர் உடல்கள் அடங்கிய பெருங்கோவிலையும் சிப்ரியனின் இரு கோவில்களையும் அவர்கள் கைப்பற்றியதை வித்தா நகர விக்தோர் அந்நூற்றாண்டின் இறுதியில் பதிவுசெய்தார். எனினும் நாள் கடல் கடந்திருந்தது. கி.பி. 354-ஆம் ஆண்டின் உரோமை நாட்காட்டியில் மார்ச்சு 7-க்கு நேராக இருவர் பெயரும் ஆப்பிரிக்கா என்னும் குறிப்புடன் உள்ளன. உரோமைத் திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் அவர்கள் பெயர் இடம்பெற்றது. இத்தாலியின் இரவென்னா நகரில் ஆறாம் நூற்றாண்டுக் கற்பதிப்பு ஓவியத்திலும் அவர்கள் நிற்கின்றனர்.

இடம் மண்ணுள் மறைந்தது. 1907-இல் பிரெஞ்சுத் துறவி தெலாத்தர், கார்த்தேசு அகழ்வில் அறுவர் பெயரும் பொறித்த கல்வெட்டின் உடைந்த துண்டுகளைக் கண்டெடுத்தார். நூலும் நெடுங்காலம் மறைந்தே இருந்தது. மோந்தெ கசீனோ மடத்துக் கைப்படியிலிருந்து ஒல்ஸ்தேனியுசு கண்டறிந்த இலத்தீன் மூலம் 1663-இல் அச்சேறியது. 1889-இல் எருசலேமில் ரெண்டல் ஆரிசு கிரேக்க வடிவத்தைக் கண்டார்.

அதன்பின் ஆய்வாளரிடையே வாதம் தொடர்கிறது. பொல்லாந்தியரான தெலஏ, 1912-இல் வெளியிட்ட நூலில் மறைசாட்சியர் வணக்கத்தின் வேரைக் கிறித்தவச் சபைக்குள்ளேயே தேடினார். பீட்டர் பிரௌன் 1981-இல், கல்லறை வழிபாடு பாமரரின் மூடவழக்கம் அன்று, ஆயர்களும் செல்வரும் முன்னின்று வளர்த்தது என நிறுவ முயன்றார். பிரெண்ட் ஷா 1993-இல், பெர்பெத்துவாவின் குரலைத் தொகுப்பாசிரியரும் உரையாளரும் படிப்படியாகத் தம்வயப்படுத்தியதை எடுத்துக்காட்டினார். சிறைக்குறிப்பு அவருடையதே என்பதை ஐயுறுவோரும் உளர். அவ்வையத்தை ஏற்பினும் மறுப்பினும், ஒரு பெண்ணின் தன்னுரையாக அதனைச் சபை ஏற்று வாசித்தது என்பது மறுக்கவியலாத வரலாறு.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும்.

மறைசாட்சியர் வணக்கம் நாள், இடம், நூல் என்னும் மூன்றையும் பற்றி வளர்ந்தது. நாளை ஆயர் பதிந்தார். இடத்தைச் சங்கம் வரையறுத்தது. நூலை மறையுரை விளக்கியது. இறந்தோர்பால் மக்கள் கொண்ட பற்றே மூன்றுக்கும் ஊற்று. அப்பற்றை எவர் வழிநடத்துவது என்பதே நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளின் போராட்டம்.

வணக்கம் இல்லையேல் பெர்பெத்துவாவின் எழுத்து நமக்குக் கிடைத்திராது. ஆண்டுதோறும் வாசிக்கும் தேவையே அதனைப் படியெடுக்கச் செய்தது. அதே வணக்கம் அவ்வெழுத்தைக் குறுக்கியது, கணவரைச் சேர்த்தது, ஆசிரியரையே ஐயுற்றது. காத்தலும் மாற்றுதலும் ஒரே கையால் நிகழ்ந்தன. ஆதலின் மறைசாட்சியர் வரலாறுகளைப் பயில்வோர், நிகழ்ந்தது என்ன என வினவுவதோடு, எந்த நாளில், எவ்விடத்தில், எவர் கேட்க வாசிக்கப்பட்டது எனவும் வினவுதல் வேண்டும்.

தமிழாய்வுக்கும் இது பொருந்தும். 1586-இல் தமிழில் அச்சான ‘அடியார் வரலாறு’, வீரமாமுனிவரின் ‘கித்தேரியம்மாள் அம்மானை’ முதலியவற்றின் வழியாக மறைசாட்சியர் கதைகள் தமிழுக்கு வந்தன. வரும்போது எவை காக்கப்பட்டன, எவை மாறின, அம்மாற்றத்தைக் கேட்டோர் யாவர் என்பன விரிவாக ஆராயத்தக்கவை. சாட்சி என்னும் சொல்லை விடாது காத்த மொழியில், சாட்சி சொன்னவரின் குரலையும் உரை சொன்னவரின் குரலையும் பிரித்தறிதல் ஆய்வாளரின் கடமையாகும்.